காற்றைச் சக்கரத்தில் கட்டிய மாட்டு டாக்டர்



மலர்க் குழுவில் ஆளுக்கொரு மேதையைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். எடிசனை எலக்ட்ரிக்கல் பிரிவுக்காரர்கள் தூக்கிக்கொண்டார்கள். ஜி.டி. நாயுடு வழக்கம்போல ஆட்டோமொபைலுக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களில் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கோ என்றார்கள். நான் ஜான் பாய்ட் டன்லப்பை எடுத்துக்கொண்டேன். அவர் இன்ஜினியர் கிடையாது. டிப்ளமோ கூட கிடையாது. மாட்டு டாக்டர். சரியாகச் சொல்லப்போனால் குதிரை டாக்டர்.

இந்த மனுஷன் மேல் எனக்கு ஏன் திடீர்ப் பாசம் என்று கேட்பீர்கள். காரணம் கார்பன் சக்கரம்.

நம்ம பாலிடெக்னிக்கில் ரோடு பைக் ஓட்டுகிற கோஷ்டி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தென்காசியில் கிளம்பி, மேலகரம், குற்றாலம், ஐந்தருவி, இலஞ்சி, செங்கோட்டை என்று ஒரு சுற்று. தெம்பு இருந்தால் புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு. பஸ்ஸில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், நாங்களும் சிரிப்போம். அந்தக் கோஷ்டியில் ஒரு நண்பன் இரண்டு சீசனாகக் குற்றாலத்தில் சிப்ஸ் கடையில் நின்று அரை லட்சம் ரூபாய் பக்கம் சேர்த்து வைத்திருக்கிறான். சாரலில் நனைந்து, எண்ணெய்க் கொப்பரை முன்னால் வெந்து சம்பாதித்த காசு. அதைக் கொண்டு மலிவு விலையில் வரும் கார்பன் சக்கரம் ஒரு ஜோடி வாங்கணும் என்பது அவன் ஆசை. அதே காசுதான் அவன் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்வதற்கான முதல் தவணையும். வீட்டில் வேறு பணம் இல்லை. லீவு நாளில் சைக்கிள் கடையில் ரிம் பெண்டு எடுக்கிறவன் என்ற ஒரே தகுதிக்காக, எந்தச் சக்கரம் வாங்கலாம் என்று என்னைக் கேட்டான். ஒரு வாரம் டைம் கொடு என்றேன். அந்த ஒரு வாரத்தில் படித்துக்கொண்டே பின்னோக்கிப் போனதில் டன்லப்பில் வந்து முட்டிக்கொண்டேன்.

1840 பிப்ரவரி 5-ல் ஸ்காட்லாந்தில் ட்ரெகார்ன் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டன்லப். குறைமாசக் குழந்தை. அதனால் தன் உடம்பு ரொம்பப் பலவீனம் என்று ஆயுசு முழுக்க நம்பிக்கொண்டிருந்தார். 81 வயசு வரை இருந்தார் என்பது வேறு விஷயம்! எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, நாம் டிப்ளமோ முடிக்கிற வயசில், அதாவது 19-லேயே, தேறிவிட்டார். கொஞ்ச வருஷம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபோனார். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஆஸ்பத்திரி வைத்தார். அந்தக் காலத்தில் ஊரே குதிரையில்தான் ஓடியது. வண்டிக் குதிரை, டிராம் குதிரை, பார வண்டிக் குதிரை எல்லாம் அவரிடம்தான் வந்தன. 1880-களின் மத்தியில் அயர்லாந்திலேயே பெரிய கால்நடை வைத்தியசாலைகளில் அவருடையதும் ஒன்று. ஆக, சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த ஆள் இல்லை இவர். நல்ல வரும்படி, நல்ல பெயர், பெரிய தாடி. கதை இதோடு முடிந்திருந்தால் அவரை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்போதைய சைக்கிள் எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாகணும். ஆளுயர முன்சக்கரமும் சுண்டைக்காய்ப் பின்சக்கரமும் உள்ள வண்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து விழுந்தால் தலை குப்புறத்தான். 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற வண்டியைச் செய்தார். இரண்டும் சம அளவுச் சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். இன்று நாம் ஓட்டுவது அந்த வம்சம்தான். பயம் போய்விட்டது, ஆனால் குலுக்கல் கூடிவிட்டது. பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும், சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். அதற்கு மேல் போட்டிருந்த டயர் கெட்டி ரப்பர். பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கருங்கல் பாவியவை. நம்ம ஊர்ப் பழைய கட்டை வண்டியில் ஜல்லி ரோட்டில் போனவர்களுக்கு அந்தச் சுகம் புரியும்.

டன்லப்பின் பையன் ஜானியிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. 1887-ல் அவனுக்கு ஒன்பது, பத்து வயசு. கல் தெருவில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்குகிறது, வேகமாகப் போகவும் முடியவில்லை என்று அப்பாவிடம் முறையிட்டான். நம்ம அப்பாவாக இருந்தால் ஓட்டாதே என்று சொல்லியிருப்பார், விஷயம் முடிந்தது. டன்லப் யோசித்தார். வைத்தியத் தொழிலில் ரப்பர் சாமான்களைக் கையாண்ட பழக்கம் அவருக்கு உண்டு.

அவர் செய்ததைக் கவனியுங்கள், நம்ம ஒர்க்‌ஷாப் பிராக்டிகலுக்கு ஏற்ற விஷயம். ஒரு மர வட்டை எடுத்தார். அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு கனமுள்ள ரப்பர் தாளைக் குழாயாக ஒட்டி, வட்டின் விளிம்பைச் சுற்றி வைத்து, அதன் மேல் லினன் துணியைப் போர்த்தி ஆணியடித்தார். பெல்ஃபாஸ்ட் லினன் துணிக்குப் பேர்போன ஊர், அதனால் துணிக்குப் பஞ்சமில்லை. காற்றடித்தது பையனின் கால்பந்து பம்பால். பிறகு ஜானியின் சைக்கிளிலிருந்து கெட்டி ரப்பர் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, முற்றத்தில் இரண்டையும் ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் கொஞ்ச தூரம் போய்த் தள்ளாடி விழுந்தது. காற்று வட்டு முற்றத்தின் கடைசி வரை ஓடி, மோதித் திரும்பியும் வந்தது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மீட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, செலவும் பெரிசாக இல்லை. ஒரே தரை, ஒரே கை, இரண்டு சக்கரம். எது தூரம் போகிறது என்று பார்த்தார், அவ்வளவுதான். உருளும் தடை என்று நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் மனப்பாடம் பண்ணுகிறோமே, அதைக் கண்ணால் பார்க்கிற சோதனை. கெட்டிச் சக்கரம் ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கப்படணும். அதற்குச் செலவான சக்தி குலுக்கலாகப் போய்விடும், திரும்பி வராது. காற்று டயரோ அந்தக் கல்லை உள்வாங்கிக்கொள்ளும். அச்சு அசையாது. காற்று அமுங்கினாலும் வாங்கிய சக்தியை ஏறக்குறைய முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடும். வீணாவது ரப்பரும் துணியும் மடங்கி நிமிர்வதில் போகிற கொஞ்சம்தான். பையனின் முதுகு வலிக்காமல் இருக்கச் செய்த காரியம் வேகத்தையும் கொடுத்தது டன்லப்புக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

1888-ல் ஜானியின் வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் ஏறியது. அடுத்து இருசக்கர சைக்கிளுக்குப் பெரிய டயர் செய்து தெற்கு பெல்ஃபாஸ்டில் செர்ரிவேல் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்னும் நன்றாகப் போனது. அதே வருஷம் டிசம்பர் 7-ல் காப்புரிமை கிடைத்தது. எட்லின் என்ற உள்ளூர் சைக்கிள் கம்பெனி அந்த டயரோடு வண்டி கட்ட ஆரம்பித்தது.

இப்போது நம்ம கோஷ்டிக்குப் பிடித்த கட்டம். வில்லி ஹ்யூம் என்று ஒரு சைக்கிள் வீரர், பெல்ஃபாஸ்ட் குரூசர்ஸ் கிளப்பின் கேப்டன். காற்று டயர் வண்டியை முதலில் காசு கொடுத்து வாங்கிய வெளியாள் அவர்தான். 1889 மே 18-ல் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவுக்கு அந்த வண்டியோடு வந்தார். கெட்டி டயர் விரல் தடிமன்தான் இருக்கும். இது ஊதிப்போய்ப் பருமனாக இருந்தது. பார்த்தவர்கள் கேலி பண்ணினார்கள். அன்றைக்கு நடந்த நான்கு சைக்கிள் பந்தயத்திலும் ஹ்யூம்தான் முதல். கொஞ்ச நாளில் கடல் தாண்டி லிவர்பூலுக்குப் போய் அங்கேயும் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துக்கொண்டு வந்தார். சில வருஷத்துக்குள் கெட்டி டயரோடு பந்தயத்துக்கு வருவதற்கு ஆளே இல்லை. இன்று ரோடு பைக்கில் 23 மில்லிமீட்டர் டயரை விட்டு 28-க்கும் 30-க்கும் மாறச் சொன்னால் சிரிக்கிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.

ஹ்யூமிடம் தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற டப்ளின் வியாபாரியின் பிள்ளைகளும் உண்டு. அப்பா டு குரோ ஐரிஷ் சைக்கிள் சங்கத்தின் தலைவர். பிள்ளைகள் தோற்ற கோபத்தில் போட்டியை ரத்து பண்ணச் சொல்கிற ஆள் இல்லை அவர். தோற்கடித்த டயரையே பிடித்தார். 1889-லேயே டப்ளினில் கம்பெனி ஆரம்பமானது. டன்லப் தன் காப்புரிமையை அதற்குக் கொடுத்துவிட்டுப் பங்குதாரராகச் சேர்ந்தார். நிர்வாகம் டு குரோ கையில்.

அதற்குப் பிறகு விழுந்தது அடி. காப்புரிமை கிடைத்து இரண்டு வருஷத்துக்குள் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். காரணம் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர். 1845-லேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். 1847-ல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் குதிரை வண்டிக்கு மாட்டி ஓட்டியும் காட்டியிருக்கிறார். ஆனால் அப்போது சைக்கிள் கிடையாது. மோட்டார் கார் கிடையாது. ரப்பர் விலை எட்டாக்கனி. குதிரை இழுக்கிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று ஊர் விட்டுவிட்டது. தாம்சன் 1873-ல் இறந்துபோனார். டன்லப்புக்கு அவர் பெயரே தெரியாது. தெரியாமல் செய்தாலும் சட்டத்துக்கு முன்னால் முதலில் எழுதி வைத்தவர்தான் முதல்வர். பெரிய அறிவாளி என்று தாம்சனைத்தான் சொல்லணும் என்பது என் கட்சி. ஆனால் தேவை இருக்கிற நேரத்தில் வந்தது டன்லப். இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பது வருஷம், அந்த நாற்பது வருஷத்தில் சைக்கிள் பிறந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

காப்புரிமை போன கம்பெனி எப்படிப் பிழைத்தது? இங்கேதான் கார்பன் சக்கரம் வாங்கப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளணும். அவர்களைக் காப்பாற்றியது டயர் இல்லை, ரிம்!

டன்லப்பின் முதல் டயரைச் சக்கரத்தோடு ஒட்டி, துணி சுற்றித்தான் வைத்திருந்தார்கள். பஞ்சர் ஆனால் அம்போ. பிரான்சில் கிளெர்மோன் ஃபெராந்தில் ரப்பர் தொழிற்சாலை வைத்திருந்த மிஷ்லின் சகோதரர்களிடம் 1889-ல் ஒரு சைக்கிள்காரர் டன்லப் டயர் பஞ்சரோடு வந்தார். பிரித்து ஒட்டவே மூன்று மணி நேரம், காய்வதற்கு ஒரு ராத்திரி. மறுநாள் ஓட்டினால் மறுபடி காற்று இறங்கிவிட்டது. கழற்றி மாட்டுகிற டயர் வேண்டும் என்று அவர்கள் இறங்கியது அப்படித்தான். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்புகிற 1200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் அவர்கள் டயரோடு ஓட்டிய ஷார்ல் தெரோன் ஜெயித்தார்.

இந்தப் பக்கம் 1890-ல் இரண்டு யோசனைகள் வந்தன. வெல்ச் என்பவர் டயரின் இரு ஓரத்திலும் நீளாத கம்பி வளையம் வைத்து, அது உட்கார ரிம்மின் வடிவத்தையும் மாற்றினார். பார்ட்லெட் என்பவர் ரிம்மின் ஓரத்தை உள்பக்கமாகக் கொக்கி மாதிரி வளைத்தார். காற்றடிக்க அடிக்க டயரின் ஓரம் அந்தக் கொக்கிக்குள் போய் இறுக்கிக்கொள்ளும். டு குரோவின் கம்பெனி வெல்ச் காப்புரிமையை வாங்கியது, பார்ட்லெட் முறைக்கும் விலை கொடுத்தது. டன்லப் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்ற டயரில் டன்லப்பின் காற்று மட்டும்தான் அவருடையது, பிடிமானம் மற்றவர்களுடையது. நம்ம சாதா சைக்கிளில் வால் டியூப் போட்டுக் காற்றடிக்கிறோமே, அந்த வால்வைக் கூட டன்லப் வால்வு என்றுதான் பல நாட்டில் சொல்கிறார்கள். அதைச் செய்தவர் 1891-ல் உட்ஸ் என்பவர்.

அந்தக் கொக்கிச் சண்டை இன்றும் ஓயவில்லை. இப்போது மலிவாக வருகிற கார்பன் ரிம்களில் பல கொக்கி இல்லாதவை. அச்சில் வார்ப்பது சுலபம், ஓரம் கனமாக இருப்பதால் பள்ளத்தில் இடித்தாலும் தாங்கும். ஆனால் அதில் காற்று 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ. சொச்சத்துக்கு மேல் போகவே கூடாது. அதற்கென்று அனுமதித்த டயர்தான் போடணும். நம்ம ஆட்களோ 100 அடித்துப் பழகியவர்கள். மெயின் ரோட்டுக் கடையில் லாரிக்குக் காற்றடிக்கிற குழாயைச் செருகி, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்கிறவர்கள். கொக்கி இல்லாத ரிம்மில் அந்தப் பழக்கம் இறக்கத்தில் டயரைக் கழற்றிவிடும். ஆகவே நண்பனிடம் நான் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை, கொக்கி உண்டா இல்லையா என்பது.

இரண்டாவது பிரேக். டிஸ்க் பிரேக் வண்டியென்றால் கவலை குறைவு. ரிம்மையே கட்டை கவ்வுகிற வண்டியென்றால் மலிவுக் கார்பன் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்றேன். அலுமினியம் சூட்டைச் சட்டென்று பரப்பிவிடும். கார்பன் இழையைப் பிடித்து வைத்திருப்பது ரெசின். அது சூட்டைக் கடத்தாது, ஒரு அளவுக்கு மேல் சூடானால் இளகும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் ரிம்மின் ஓரம் உப்பிப் போகும். புளியரை வளைவு சின்னது, அதில் ஒன்றும் ஆகாது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும். நல்ல கம்பெனிகள் சூடு தாங்கும் ரெசினுக்கும், அடுக்கடுக்காக இழைத் தாளைக் கையால் பரப்புகிறவருக்கும் காசு கொடுக்கின்றன. மலிவு விலையில் முதலில் வெட்டு விழக்கூடிய இடங்கள் இவைதான். மேலே பூசிய கருப்பு எல்லாவற்றிலும் ஒன்றுபோலப் பளபளக்கும்.

மூன்றாவது காற்று. தென்காசிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் ஆளையே தள்ளும். சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? 50 மில்லிமீட்டர் உயர ரிம் நேர் காற்றில் சில வாட் மிச்சம் பிடிக்கும், பக்கவாட்டுக் காற்றில் ஹேண்டில்பாரைப் பிடுங்கும். நம்ம ஊருக்கு முன்சக்கரம் உயரம் குறைவாக இருப்பதே நல்லது.

இனி கணக்கு. அவனிடம் இருக்கும் அலுமினிய ஜோடி 1850 கிராம், பார்த்து வைத்திருக்கும் கார்பன் ஜோடி 1500. மிச்சம் 350 கிராம். ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ. அரை மணி நேர ஏற்றத்தில் எடை குறைந்த விகிதத்துக்கே நேரம் குறைகிறது என்று வைத்தால் 1800 நொடியில் 8 நொடி. கிளம்பும்போது சக்கர விளிம்பின் எடை இரட்டிப்பாகக் கணக்காகும் என்பது உண்மைதான். ஆனால் நாம் சிக்னலுக்குச் சிக்னல் பாய்கிற பந்தயமா ஓட்டுகிறோம்?

இப்போது டன்லப்பின் முற்றத்துக்கு வாருங்கள். உருளும் தடைக் கெழு மட்டமான டயருக்கு 0.006, நல்ல டயருக்கு 0.004 என்று வைப்போம். 80 கிலோவை 9.8-ஆல் பெருக்கினால் 784 நியூட்டன். அதில் 0.002 பங்கு ஒன்றரை நியூட்டனுக்குக் கொஞ்சம் மேல். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 8.33 மீட்டர். பெருக்கினால் 13 வாட். டயர் மாற்றினாலே 13 வாட், அதுவும் அரை லட்சத்தில் ஒரு சின்னத் துண்டு செலவில். தாளில் போட்டுக் காட்டினதும் நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கார்பன் ரோட்டில் வரும்போது ஒரு சத்தம் வருமே, அது உன் கணக்கில் வருமா என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும்.

அப்புறமும் வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்களுக்கு, கடை அனுபவத்தில் சிலது. ஸ்போக்ஸ் கம்பி சாதாரண வளைவுத் தலைக் கம்பியாக இருக்கட்டும், அறுந்தால் திருநெல்வேலியிலாவது கிடைக்கும். ஹப்புக்குள் இருக்கும் பேரிங்கின் நம்பரைக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கிற நம்பரா, அவர்களே செய்த விசேஷமா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுகிறவர் எடை எவ்வளவு வரை, காற்று எவ்வளவு வரை என்று ரிம்மிலேயே அச்சடிக்காத சக்கரத்தை வாங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் காசால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி கணீரென்று வரணும். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் அமுங்கினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை.

நண்பன் அந்தப் பணத்தில் நல்ல டயர் ஒரு ஜோடி மட்டும் வாங்கினான், 28 மில்லிமீட்டர். மிச்சம் தபால் ஆபீஸ் கணக்கில் இருக்கிறது. கவுன்சிலிங் முடியட்டும் என்கிறான். விஷயம் அவ்வளவுதான், டன்லப்பிடம் திரும்புவோம்.

கம்பெனி வளர வளர டன்லப்புக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 1895-ல் விலகி, தன் பங்குகளையும் விற்றுவிட்டார். மறு வருஷமே டு குரோ அந்தக் கம்பெனியை ஹூலி என்ற நிதி வியாபாரிக்கு 30 லட்சம் பவுனுக்கு விற்றார். ஹூலி சூட்டோடு சூடாக அதையே 50 லட்சம் பவுனுக்குப் பங்குச் சந்தையில் இறக்கினார். விலகியவருக்கு அதில் எதுவும் இல்லை. சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அவர் மாட்டு டாக்டர், பங்கு மார்க்கெட் டாக்டர் இல்லை.

இந்தக் கதையில் ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மேதை வரலாறு பாதிதான். சைக்கிளும் பிறகு காரும் பெருகியதும் உலகம் ரப்பருக்குப் பறந்தது. அப்போது ரப்பர் தோட்டங்கள் தலையெடுக்கவில்லை. காட்டு ரப்பர்தான். பெல்ஜியம் அரசர் லியோபோல்டின் கையில் இருந்த காங்கோவில், கெடு வைத்த அளவு ரப்பர் கொண்டுவராத கிராமத்து ஜனங்களைச் சுட்டார்கள், கைகளை வெட்டினார்கள். லட்சக்கணக்கில் உயிர்கள் போயின. பெல்ஃபாஸ்டில் ஒரு பையனின் முதுகு நோகாமல் இருக்கச் செய்த சாமானுக்குக் காங்கோவில் இந்த விலை. டன்லப்புக்கு அதில் பங்கில்லை, ஆனால் டயரின் வரலாறு அது இல்லாமல் இல்லை. பிறகுதான் ஆசியாவில் தோட்ட ரப்பர் வந்தது. கேரளத்தில் 1902-ல் தட்டேக்காட்டில் வியாபாரத் தோட்டம் போட்டார்கள். நாம் ஆரியங்காவு தாண்டி, தென்மலை, புனலூர் பக்கம் ஓட்டும்போது மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருப்பதைப் பார்க்கிறோமே, அந்தப் பால்தான்.

நம்ம தமிழ்நாட்டுக்கும் டன்லப் பெயர் வந்தது. 1959-ல் அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை. அதே அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ். நம்ம தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்ததுதான். டன்லப் தொழிற்சாலை மூடிப்போய்விட்டது. எத்தனையோ டிப்ளமோக்காரர்களின் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சம்பளத்தில்தான். அங்கே பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் டன்லப் என்றே பெயர். கண்டக்டர் கூப்பிடுவது ஒரு தாடிக்கார வைத்தியரின் பெயர் என்று இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

டன்லப் கடைசிக் காலத்தை டப்ளினில் கழித்தார். ஒரு துணிக்கடை வியாபாரத்தில் பங்கு வைத்திருந்தார். ஓரளவு வசதி, பெரும் பணக்காரர் இல்லை. அவர் தாடி முகம் மட்டும் டயர் விளம்பரங்களில் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று டயர் உண்டான கதையைத் தானே எழுதவும் செய்தார். 1921 அக்டோபர் 23-ல் காலமானார். டப்ளினில் டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறையில் அடக்கம். அவர் எழுதி வைத்த அந்தக் கதை 1924-ல்தான் புத்தகமாக வந்தது. வட அயர்லாந்தில் நார்தர்ன் பேங்க் வெளியிட்ட பத்து பவுன் நோட்டில் அவர் படம் ஏறியது அதற்கும் ரொம்ப காலத்துக்குப் பிறகு.